சுரைப்பூ மாலையில்தான் விரியும்

கேள்வி: கடுமையான நோய்க்குச் சிகிச்சை எடுக்கும் காலத்தில், உயிராக நேசித்த பொழுதுபோக்கைத் தொடக்கூட முடியாமல் போனால் அந்த ஏக்கத்தை எப்படிச் சமாளிப்பது?

சமாளித்தேன் என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. முதல் ஒன்றரை மாதம் மோசமாகத்தான் நடந்துகொண்டேன். நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்கு வந்தது லிம்போமா, நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி, இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை, காரணம் தெரியாத எடைக் குறைவு. திசுப் பரிசோதனை முடிந்ததும், 21 நாளுக்கு ஒன்றாக ஆறு தவணை கீமோதெரபி என்று முடிவானது. விட்டுவிட நேர்ந்தது மாடித்தோட்டத்தை. மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த ஆறு செடிவளர்ப்புப் பைகளில் தொடங்கியது. நோய் வந்த வருடம் 62 பைகளும் இரண்டு பந்தல்களுமாக நின்றது.

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னது ஜூன் மூன்றாவது வாரம். ஆடி பிறக்க ஒரு மாதம் கூட இல்லை. ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு செய்தி. என் மனத்தில் முதலில் ஓடியது, பீர்க்கைக்கு இன்னும் பந்தல் கட்டவில்லையே என்பதுதான். அடுத்த நொடியே வெட்கமாகிவிட்டது. கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள், வீட்டுக் கடன் பாதி நிற்கிறது, இவளுக்குப் பீர்க்கங்காய்க் கவலை! இதை யாரிடமும் சொல்லவில்லை. கேள்வி கேட்ட நீங்களும் இந்த வெட்கத்தைச் சுமந்துகொண்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில்தான் இங்கே முதல் முறையாக எழுதுகிறேன்.

மண் ஏன் கூடாது என்பதை முதல் நாள் யாரும் விளக்கவில்லை. கொடுத்த தாளில் "செடி, மண், செல்லப்பிராணி தவிர்க்கவும்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். பிறகு நானாகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது இது. கீமோ மருந்து புற்றுநோய் அணுக்களோடு, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் அடிக்கிறது. என் மருந்துகளுக்கு, தவணை போட்ட ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் தரைதட்டும். அவற்றில் நியூட்ரோபில் என்ற வகை 500க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து. மக்கும் இலையிலும் உரத்திலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருக்கிறது. அதன் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் மூச்சில் இழுக்கிறோம், உடம்பு ஊதித் தள்ளிவிடும். வெள்ளையணு இல்லாத உடம்பில் அது நுரையீரலில் குடியேறிவிடும். ஆஸ்திரேலியாவில் தொட்டிமண் பைகளின் மேலேயே லெஜியோனெல்லா கிருமி பற்றி எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். பையைப் பிரிக்கும்போது எழும் தூசிதான் வழி. பத்து வருடம் நான் மக்கு உரத்தை முகர்ந்து பார்த்துத்தான் பக்குவம் சொல்லுவேன். மழை பெய்த காட்டு வாசம் வந்தால் தயார் என்று அர்த்தம். அந்த வாசத்துக்குள் இவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒருவர் வண்ணம் தீட்டும் புத்தகம் கொடுத்தார், பூப் படங்களாகப் பார்த்து வாங்கியிருந்தார். இன்னொருவர் பிளாஸ்டிக் செடி ஒன்றைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனார். என் நாத்தனார், "உயிர் இருந்தால் ஆயிரம் செடி வைக்கலாம் மதினி" என்றாள். நூற்றுக்கு நூறு சரி. ஆனால் சரியான பேச்சைக் கேட்டு ஏக்கம் தீர்ந்ததாக நான் எங்கும் பார்த்ததில்லை. மாடித்தோட்டக் காணொளிகளைப் பார்க்கச் சொன்னார்கள். விரதம் இருப்பவளைப் பந்தி நடக்கும் இடத்தில் உட்காரவைத்த கதைதான், இரண்டு நிமிடத்தில் அணைத்துவிட்டேன். ஊரெல்லாம் எனக்குச் செய்துகொண்டிருந்தது: ஊசி போட்டார்கள், கஞ்சி கொடுத்தார்கள், கைபிடித்து நடத்தினார்கள். நான் போனால்தான் நடக்கும் என்று இருந்த ஒரே இடம் அந்த மாடி. அதற்குத்தான் பூட்டு.

முட்டாள்தனத்துக்கு வருகிறேன். இரண்டாம் தவணையின் பதினோராம் நாள், வீட்டில் யாரும் இல்லை. படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து மேலே போனேன். கத்தரிப் பைகளில் கோரை முளைத்திருந்தது. வெறுங்கையால் பிடுங்கினேன். மாவுப்பூச்சி அப்பிய இலைகளைக் கிள்ளி எறிந்தேன். மொத்தம் இருபது நிமிடம் இருக்கும், அந்த மாதத்தின் மிக நல்ல இருபது நிமிடம். மறுநாள் இரவு காய்ச்சல் 101. கீமோ எடுப்பவர்களுக்கு 100.4 தாண்டினாலே, மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்காமல், இரவோ பகலோ மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஓடினோம். ஐந்து நாள் நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக், வெள்ளையணுவை ஏற்ற ஊசி, முகம் வெளிறிய கணவர்.

மண்ணால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இந்தக் காய்ச்சல்களில் பெரும்பாலும் காரணம் பிடிபடுவதில்லை, நம் குடலில் காலம் காலமாக இருக்கும் கிருமியே கூட ரத்தத்தில் கலந்துவிடலாமாம். வீட்டில் அதெல்லாம் எடுபடவில்லை. நான் படுக்கையில் இருக்கும்போதே பைகளை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுவது என்று பேச்சு நடந்தது. வண்டிக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. அன்றுதான் நான் முதல் முறையாக வாய்விட்டு அழுதேன். நோயின் பெயரைச் சொன்ன அன்று வராத அழுகை. வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் கணவர்.

உங்களுக்கு உபயோகப்படக்கூடியது இனிமேல்தான். அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி "தோட்டம் போடலாமா?" என்பது. அதற்கு எந்த டாக்டரும் கூடாது என்றுதான் சொல்வார், சொல்லவும் வேண்டும். மூன்றாம் தவணைக்கு முன் ஒரு நோட்டில், தோட்டம் என்று நான் சொல்லுவதில் உண்மையில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று எழுதினேன். எழுத எழுத 19 வந்தது. அதை டாக்டரிடம் நீட்டினேன். சிரித்தார், ஆனால் பேனாவை எடுத்தார்.

மக்குத் தொட்டியைக் கிளறுவது: கூடவே கூடாது, மாஸ்க் போட்டாலும் கூடாது, சிகிச்சை முடிந்து ஒரு வருடம் வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். பை மாற்றுவது, மண் கலப்பது, களை எடுப்பது: கூடாது. டிரைக்கோடெர்மா தூளையும் அடித்தார். நோய்க் கட்டுப்பாட்டுக்கு நாங்கள் போடும் அந்தத் தூளே ஒரு உயிருள்ள பூஞ்சைதான், எனக்கு இத்தனை வருடம் உறைக்கவில்லை. காய் பறிப்பது: வெள்ளையணு எண்ணிக்கை ஏறிய மூன்றாவது வாரத்தில், கையுறையோடு. சுத்தம் செய்த காய்ந்த விதையைப் பிரித்துப் பொட்டலம் கட்டுவது: தூசி இல்லாவிட்டால் சரி. திட்டம் போடுவது, குறிப்பு எழுதுவது, கீழே உட்கார்ந்து அதிகாரம் செய்வது: தாராளமாக. பதினான்காவதாக எழுதியிருந்தது சுரைக்குக் கை மகரந்தச் சேர்க்கை. அது என்னவென்று கேட்டார், விளக்கினேன்.

தோட்டக்காரர் அல்லாதவர்களுக்காக இங்கேயும் சொல்லிவிடுகிறேன். சுரைக்கொடியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. நீளக் காம்பில் வெறுமனே நிற்பது ஆண். பூவுக்கு அடியிலேயே குட்டிச் சுரைக்காய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்பது பெண். பூசணி விடியற்காலையில் விரியும். சுரை அந்தி சாயும்போது, விளக்கு வைக்கும் நேரத்துக்கு, வெள்ளை வெளேரென்று விரிந்து காலையில் வாடிவிடும். வயல்வெளியில் அந்துப்பூச்சிகள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஊருக்கு நடுவில் மொட்டைமாடியில் அவை வருவது அபூர்வம். நாம்தான் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவ வேண்டும். தவறினால் பிஞ்சு மஞ்சளாகி அழுகி விழும்.

"மண்ணைத் தொட வேண்டியதில்லையா?" என்றார் டாக்டர். பந்தலில் தோள் உயரத்தில் பூக்கும் என்றேன். மூன்றாவது வாரம், ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு, மாஸ்க், கையுறை, பத்து நிமிடம் என்று எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டார். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்படியாக 21 நாளில் ஐந்தாறு மாலைகள் கிடைத்தன. மற்ற நாட்களில் கணவர்தான் மேலே போனார். அவருக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் கோயில் யானையைக் குளிப்பாட்டுவது. தக்காளி வேர் அழுகி நான்கு பை போயிற்று. வெண்டையில் புழு என்று நினைத்து, மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுக் குஞ்சுகளை நசுக்கியிருக்கிறார். படுக்கையில் இருந்துகொண்டு இதைக் கேட்பது கீமோவைவிடக் கொஞ்சம்தான் குறைவான வேதனை. பார்த்துப் பார்த்து வளர்த்ததை இன்னொருவர் கையில் கொடுத்தால் சில செடி சாகும். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லலாம். நான் தயாராகவில்லை, சண்டைதான் போட்டேன். கீழ்வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவன் மட்டும் சொன்னபடி செய்வான். மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றபடியே, "அத்தை, பெண்பூ இரண்டு, ஆண்பூ ஒன்று" என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போவான். வீட்டுக்குள் வர அவனுக்கு அனுமதி இல்லை, பள்ளிக்கூடத்துச் சளி எனக்கு ஆகாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, வேலையைப் பிரித்துப் பட்டியல் போட்டால் ஏக்கம் தீர்ந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து ஏற்றும் அறையில் அடுத்த நாற்காலிக்கு ஒரு பெரியவர் வருவார், மிருதங்கம் வாசிப்பவர். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்துபோனதால், தோலின் மேல் அடித்தால் விரலிலும் உள்ளங்கையிலும் ரத்தம் கட்டிவிடும் என்று வாசிக்கத் தடை. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள்ளேயே சொற்கட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார், தகதிமி தகஜொணு என்று. சிவப்பு மருந்து பாட்டிலில் காலியாகும்போது கோர்வையை முடித்துவிட வேண்டும் என்று தனக்குள் ஒரு பந்தயம். நான் என் பட்டியல் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பசிக்குத் தண்ணீர் குடிக்கிறோம் அம்மா, அவ்வளவுதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் தண்ணீரும் குடிக்காமல் இருந்த ஒன்றரை மாதத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு நன்மை எதிர்பாராதது. நான்காம் தவணைக்குப் பிறகு விதைப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தேன். மூக்குத்தி அவரை, யானைத்தந்த வெண்டை எல்லாம் கையுறையோடு எடுக்க முடிந்தது. அரைக்கீரை விதை விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. கையுறையால் என்று நினைத்துக் கழற்றிவிட்டுத் தொட்டேன், அப்போதும் இல்லை. விரல் நுனிகள் துணி சுற்றியது போல் இருந்தன. என் மருந்துகளில் ஒன்றான வின்கிறிஸ்டின் நரம்பு நுனிகளைத் தாக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. சட்டைப் பித்தான் போட முடிகிறதா என்று டாக்டர்கள் கேட்பது இதற்காகத்தான். நான் கட்டுவது புடவை, பித்தானுக்கு எங்கே போவது? கீரை விதைதான் காட்டிக்கொடுத்தது. சொன்னதும் அந்த மருந்தின் அளவைக் குறைத்தார்கள். நோயில் இருப்பவர்கள் கை வேலையில் வரும் சின்னத் தடுமாற்றத்தைக் கூடச் சொல்லிவிட வேண்டும். வயதாகிறது என்று விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் தவணை அக்டோபரில் முடிந்தது. டிசம்பரில் எடுத்த ஸ்கேன் சுத்தம். தைப் பட்டத்துக்கு, முழங்கை வரை கையுறையும் மாஸ்க்குமாக, முதல் பையில் கை வைத்தேன். எப்படி இருந்தது என்று எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. விரல் நுனி முழுதாகத் திரும்பவில்லை. கீரை விதையை மணலோடு கலந்து தூவிவிடுகிறேன், பாட்டி காலத்துப் பழக்கம்தான். மக்குத் தொட்டியைக் கீழ்வீட்டுப் பையன் எடுத்துக்கொண்டான், என்னிடம் திரும்பித் தருவதாக இல்லை. கணவர் தக்காளிப் பக்கம் வருவதில்லை என்று ஒப்பந்தம். ஆனால் சுரைப் பந்தலை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். நான் படுத்திருந்த மாலைகளில் அதைச் செய்து செய்து, இப்போது அதில் என்னைவிட அவருக்குக் கை வந்துவிட்டது. இன்று பெண்பூ மூன்று விரிந்திருக்கிறது, ஆண்பூ ஒன்றுகூட இல்லை. டார்ச்சும் கையுமாக எதிர்வீட்டு மாடிக்கு ஒரு ஆண்பூ கடன் வாங்கப் போயிருக்கிறார்.