பகல் எம்மி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நீளமான கதைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அமெரிக்காவின் பகல் நேரத் தொடர்களை வெறும் அழுகாச்சி என்று தள்ளிவிட முடியாது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். நான் பல வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பல் டாக்டர் கிளினிக்கிலும், காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டுக் காத்திருக்கும் இடத்திலும் மதிய வேளையில் இந்தத் தொடர்கள்தான் ஓடும். செத்தவன் திரும்பி வருகிறான். வந்தவனுக்குப் பழசெல்லாம் மறந்துபோயிருக்கிறது. அவனுடைய இரட்டைப் பிறவி அவன் மனைவியோடு குடித்தனம் நடத்துகிறான். விளம்பரத்துக்கு முன்னால் ஆளாளுக்கு எங்கேயோ வெறித்துப் பார்க்கிறார்கள். நம் சீரியலில் ஒரே முகத்தை மூன்று முறை திருப்பிக் காட்டுவார்களே, அதற்கு இது அண்ணன்.

தொலைக்காட்சிக்கு அங்கே கொடுக்கும் எம்மி விருதில் இதற்கென்று தனியாகப் பகல் எம்மி வேறு வைத்திருக்கிறார்கள். ராத்திரி நிகழ்ச்சிகளோடு போட்டி போட்டால் ஒன்றும் தேறாது என்பதால் கொடுக்கும் ஆறுதல் பரிசுதானே இது? சரக்கே சரியில்லாத இடத்தில் விருதுக்கு என்ன மதிப்பு? நம் சேனல்களின் சீரியல் விருதுகளைப் பற்றியும் எனக்கு இதே கேள்விதான்.

ரா. கார்த்திகேயன்

*

அன்புள்ள கார்த்திகேயன்,

முதலில் அந்த வெறித்த பார்வை. அதன் வேர் நேரடி ஒளிபரப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தத் தொடர்களில் பல, ஆரம்பத்தில் தினமும் நேரடியாக நடிக்கப்பட்டு அப்படியே வீடுகளுக்குப் போனவை. 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' 1956இல் தொடங்கி 1975 வரை அப்படித்தான் ஓடியது. விளம்பரத்துக்கான நொடி வரும்வரை காட்சியைத் தொங்கவிடாமல் முகத்தில் பிடித்துவைத்திருப்பது நடிகரின் வேலை. முன்கூட்டியே டேப்பில் பதிவு செய்ய ஆரம்பித்த பிறகும் பழக்கம் போகவில்லை. இன்று பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

இதே தொடர் 1963 நவம்பர் 22 அன்று மதியம் ஓடிக்கொண்டிருந்தது. நான்சி ஹியூஸ் என்ற குடும்பத்தலைவி வீட்டுப் பெரியவரோடு நன்றித் திருநாள் விருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், யார் வருவார்கள் என்கிற மாதிரியான பேச்சு. தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, திரையில் 'செய்தி' என்ற அட்டை வருகிறது. செய்தி வாசிப்பாளர் வால்டர் கிரான்கைட்டின் குரல், டல்லஸில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டிருக்கிறார் என்கிறது. ஸ்டுடியோவில் நடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு விஷயமே தெரியாது. செய்தி குறுக்கிடுவதும் தொடர் திரும்ப வருவதுமாக இருக்க, அவர்கள் பாட்டுக்கு வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த நேரத்தில் வீட்டில் இருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அமெரிக்க வரலாற்றின் பெரிய செய்தி ஒன்று, நான்சியின் பேச்சைப் பாதியில் வெட்டிக்கொண்டுதான் வந்தது.

நான்சியாக நடித்தவர் ஹெலன் வாக்னர். 1956இல் தொடரின் முதல் வசனமே அவருடையதுதான். கணவனுக்கு ஒரு காலை வணக்கம், அவ்வளவே. நடுவில் சில இடைவெளிகள் தவிர 2010 மே மாதம் இறக்கும்வரை அதே பாத்திரத்தில் நடித்தார். தொடரும் அந்த செப்டம்பரில் முடிந்துவிட்டது. ஒரே பாத்திரத்தில் ஒரு மனுஷி இளம் தாயாகி, பாட்டியாகி, கொள்ளுப்பாட்டியாகி, 54 வருடம். மேடையில் இது நடக்காது, சினிமாவில் நடக்காது. நாவலில் எழுதலாம், ஆனால் படிக்கிறவரோடு சேர்ந்து நாவலின் பாத்திரத்துக்கு நிஜமாகவே வயதாகாது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. இந்தத் தொடர்கள் வாரம் ஐந்து நாள், வருடத்துக்கு ஏறக்குறைய 250 எபிசோடு வருகின்றன. ராத்திரித் தொடருக்கு 22, 24. இப்போதைய ஸ்ட்ரீமிங் தொடருக்கு எட்டோ பத்தோ. ஒரு எபிசோடைத் தனியாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பகல் தொடர் தோற்கும். அதற்காக நடிப்பே சொத்தை என்றால் நான் ஏற்கமாட்டேன். ஒரு நாளில் முப்பது, நாற்பது பக்க வசனத்தை மனப்பாடம் செய்து, பெரும்பாலும் ஒரே டேக்கில் முடித்துவிட்டு, மறுநாளும் அதற்கே வரவேண்டும். ஜூலியன் மூர் ஆஸ்கர் வாங்கியது 2015இல். பகல் எம்மியை 1988லேயே வாங்கிவிட்டார், அதுவும் இதே 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரில் இரட்டை வேடம் போட்டு. நீங்கள் கிண்டல் செய்த அதே சமாச்சாரம்! ஆனாலும் எபிசோடு கணக்கில் இது சுமாரான சரக்குதான். நல்லது எங்கே இருக்கிறதென்றால், வருடக் கணக்கில்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 'கைடிங் லைட்' என்ற தொடர் 1937இல் வானொலியில் பிறந்து, 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை ஓடியது. 1962இல் அதன் எழுத்தாளர் ஆக்னஸ் நிக்சனின் தோழி ஒருவர் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்திருந்தார். அந்த நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பாப் பரிசோதனையைப் பெண்கள் செய்துகொள்ள வேண்டும் என்பதைக் கதைக்குள் கொண்டுவர நிக்சன் ஆசைப்பட்டார். தொடரை நடத்தியது சோப்பு விற்கும் புராக்டர் அண்ட் கேம்பிள். இந்த வகைக்கு 'சோப்' என்று பெயர் வந்ததே இப்படிப்பட்ட புரவலர்களால்தான். கம்பெனியும் சிபிஎஸ் சேனலும் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தன: புற்றுநோய், கர்ப்பப்பை, கர்ப்பப்பை நீக்கம் ஆகிய வார்த்தைகள் எதுவும் வரக்கூடாது.

இந்த மூன்றும் இல்லாமல் அந்தக் கதையை எப்படிச் சொல்வது? நிக்சன் சொன்னார். பெர்ட் பவுர் என்ற பாத்திரத்துக்கு டாக்டர் சுற்றி வளைத்து, பிசகிப்போன செல்களைப் பற்றி விளக்குகிறார். அவள் பயப்படுகிறாள், சிகிச்சை நடக்கிறது, பிழைத்துக்கொள்கிறாள். வார்த்தை இல்லாமலே பார்வையாளர்களுக்குப் புரிந்ததற்குக் காரணம் வசனம் அல்ல. பெர்ட் அதற்குள் பத்து வருடத்துக்கும் மேலாக அவர்கள் வீட்டு ஹாலில் வந்துபோனவள். அவளுடைய கோபம், பிடிவாதம், புருஷனோடு போட்ட சண்டை எல்லாமே அவர்களுக்கு அத்துப்படி. அவள் முகம் வாடினால் ஏன் என்று தெரியும். ராத்திரி ஒரு மணி நேர நாடகத்தில் இதே நோயாளியை எட்டு மணிக்கு அறிமுகப்படுத்தி ஒன்பது மணிக்குக் குணப்படுத்தி அனுப்பியிருப்பார்கள்.

இப்போது விருதுக்கு வருகிறேன். பகல் எம்மிக்கென்று தனி விழா 1974இல் நியூயார்க்கில் தொடங்கியது. அதற்கு முன்னால் பொது எம்மியில் பகல்காரர்களுக்கு ஒன்றிரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள், பந்தியின் கடைசி இலை மாதிரி. எனவே ஆறுதல் பரிசு என்று நீங்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் என் குறை வேறு. தனியாக விழா வைத்தவர்கள், மதிப்பிடும் முறையை மட்டும் ராத்திரிக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நடிகர், வருடத்தில் தான் நடித்ததில் ஒரு சில எபிசோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். நடுவர்கள் அதைப் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். விதிகள் அவ்வப்போது மாறியிருக்கின்றன, சாராம்சம் இதுதான். அப்படியென்றால் நடிகர் எதை அனுப்புவார்? பிள்ளை செத்த காட்சி, கோர்ட்டில் கதறும் காட்சி, ஆஸ்பத்திரிக் கட்டில். நான்சி காப்பி ஊற்றிக்கொண்டே மருமகளை ஆழம் பார்க்கும் காட்சியை யாரும் அனுப்பமாட்டார்கள். அந்தத் தொடர் நின்றதோ அப்படிப்பட்ட காட்சிகளின்மேல்தான்.

சூசன் லூச்சியின் கதை உங்கள் காதிலும் விழுந்திருக்கும். 'ஆல் மை சில்ட்ரன்' தொடரில் 1970 முதல் எரிக்கா கேன் என்ற அடங்காப்பிடாரியாக நடித்தவர். சிறந்த நடிகைக்கு 18 முறை பரிந்துரைக்கப்பட்டு 18 முறையும் தோற்றார். ஊரே கேலி பேசியது. அவரே அதை வைத்து விளம்பரத்தில் ஜோக் அடித்தார். 1999இல் 19ஆவது முறை அவர் பெயரைப் படித்தபோது அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று நிமிடக்கணக்கில் கைதட்டியது. அந்தக் கைதட்டல் அவர் அனுப்பிய டேப்புக்கு என்று நினைக்கிறீர்களா? 29 வருட எரிக்காவுக்கு. விருதும் கைதட்டலும் வேறு வேறு விஷயங்களுக்குப் போய்ச் சேர்ந்த ராத்திரி அது.

இந்த விழாவில் எனக்கு மரியாதை வரும் பிரிவு வாழ்நாள் சாதனை மட்டும்தான். அதைத்தான் மற்ற விழாக்களில் நாம் கொட்டாவியோடு கடப்போம். இங்கே கலையின் இயல்புக்குப் பொருந்தும் ஒரே விருது அது. 2004இல் மூத்த நடிகர்கள் பத்துப் பேருக்கு மொத்தமாகக் கொடுத்தார்கள். ஹெலன் வாக்னர் அதில் ஒருவர். நிக்சனுக்கு 2010இல் கிடைத்தது.

பகல் தொடர்களுக்கு வக்காலத்து வாங்குவதோடு நிறுத்தினால் நீங்கள் விடமாட்டீர்கள், விடவும் கூடாது. 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரில் 1979இல் லூக் என்பவன் லாரா என்ற பெண்ணை பலாத்காரம் செய்கிறான். அந்த ஜோடிக்கு ரசிகர்கள் கூடுகிறார்கள் என்று தெரிந்ததும் தயாரிப்பாளர்கள் அதைக் காதலாக்கினார்கள். 1981 நவம்பரில் நடந்த கல்யாணத்தை மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள். பகல் தொடர் வரலாற்றின் மிகப்பெரிய வெற்றி அதுதான், மிகப்பெரிய அசிங்கமும் அதுதான். எந்தச் சமாதானமும் எடுபடாது. ஆனால் அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1998இல் அந்தத் தம்பதியின் வளர்ந்த மகனுக்கு உண்மை தெரியவருகிறது. அப்பாவின் முன்னால் போய் நிற்கிறான். அதே நடிகர்கள், அதே குற்றம், 19 வருடம் கழித்து. லூக்காக நடித்த ஆன்டனி கியரி மொத்தம் எட்டு முறை சிறந்த நடிகருக்கான பகல் எம்மி வாங்கியவர். அவருடைய வேறு எந்தக் காட்சியையும்விட, பதில் சொல்ல முடியாமல் மகன் முன்னால் நின்றதைத்தான் நான் மேலாக வைப்பேன். செய்த தப்பை இருபது வருடம் கழித்துக் கதைக்குள்ளேயே விசாரிக்க இந்த வடிவத்துக்கு மட்டும் அவகாசம் இருக்கிறது. பெரும்பாலும் அதைப் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது வேறு விஷயம். அந்த அவகாசத்தில் பாத்திரங்களுக்குப் பேய் பிடிக்கவைத்த தொடர்களும் உண்டு.

ராத்திரியோடு போட்டி என்றீர்கள். அந்தக் கோடே இப்போது மங்கிவிட்டது. 2022இலிருந்து நேரத்தைப் பார்க்காமல் நிகழ்ச்சியின் வகையைப் பார்த்து எம்மியைப் பிரிக்கிறார்கள். குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்குத் தனி விழா வந்துவிட்டது. வினாடி வினா, விளையாட்டு நிகழ்ச்சிகள் ராத்திரிப் பக்கம் போய்விட்டன. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' அதே ஆண்டு பிகாக் என்ற ஸ்ட்ரீமிங் தளத்துக்குக் குடிபோனது. அதை நடுராத்திரியிலும் பார்க்கலாம், ஆனாலும் பகல் எம்மிக்குத்தான் போட்டியிடுகிறது.

நம் சேனல் விருதுகள் பற்றி. அமெரிக்க முறையில் ஆயிரம் குறை சொன்னாலும், விருதைக் கொடுக்கும் அமைப்பு வேறு, சேனல் வேறு. இங்கே சன், விஜய், ஜீ தமிழ் என்று ஒவ்வொன்றும் தன் சீரியல்களுக்குத் தானே விழா எடுத்துத் தானே கொடுத்துக்கொள்கிறது. தன் வீட்டுக் கல்யாணத்தில் தானே மொய் எழுதுகிற கதை. அரசின் சின்னத்திரை விருதுகள் சேனல்களுக்குப் பொதுவானவை. ஆனால் 2009 முதல் 2013 வரைக்கான விருதுகளை 2022இல்தான் கொடுத்தார்கள். விருது வாங்க மேடையேறுகிறவர்களின் சீரியல் என்ன என்பதே அதற்குள் மக்களுக்கு மறந்திருக்கும்.

இன்னொன்று, நம்மூரில் நடிகையின் பக்கத்தில் நின்று ஒருவர் வசனத்தைச் சொல்லிக்கொடுக்க, அவர் அதைத் திருப்பிச் சொல்ல, பிறகு வேறொருவர் டப்பிங்கில் குரல் கொடுப்பது சர்வசாதாரணம். சிறந்த நடிகை என்று யார் கையில் கொடுக்கிறோம்? முகத்துக்கா, குரலுக்கா, பிராம்ப்ட் செய்தவருக்கா?

என்னைக் கேட்டால் வசனம் எழுதுகிறவரிடமிருந்து ஆரம்பிப்பேன். ஆயிரம் எபிசோடு எழுதியிருப்பார். டைட்டிலில் அவர் பெயர் கண் சிமிட்டும் நேரத்தில் ஓடிவிடும். ஒரு மாமியாரை ஆறு வருடம், அலுக்காமல், நேற்று பேசியதற்கு இன்று முரண்படாமல் பேசவைத்த ஒருவருக்கு, எபிசோடு எதையும் கேட்காமல் ஒரு விருது கொடுக்கட்டும். அப்படி அறிவித்தால் எனக்கு எழுதுங்கள். விழாவை விளம்பரங்களோடு சேர்த்து முழுசாகப் பார்க்கிறேன்.