காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய படகு எஞ்சினை என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் ஓடும் பழைய மீன்பிடிப் படகு, கரையோரத்தில் வாங்கிய 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின், மண்ணெண்ணெயில் ஓடுவது. விடியற்காலையில் முப்பது நாற்பது தடவை கயிற்றை இழுக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை கிளம்பிவிட்டால் பகல் முழுவதும் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் கராஜ்காரர். வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். காயில் கெட்டால் பெரும்பாலும் சூடேறிய பிறகுதான் சண்டித்தனம் செய்யும். உங்கள் எஞ்சின் சூட்டில் சொன்னபடி கேட்கிறது, குளிரில்தான் முரண்டு பிடிக்கிறது. எங்கள் எஞ்சினும் இதே கூத்தைத்தான் ஆடியது.

நான் காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே தாவலில் ஏறியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு கடலுக்குப் போவதே கட்டுப்படியாகவில்லை என்று மன்னார்க் கரையோரப் பேசாலையில் ஒருவர் படகையும் எஞ்சினையும் சேர்த்து விற்றார். சித்தப்பாவும் நானும் அதை வாங்கி லொறியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தோம். அக்கரைத் தோட்டத்து ஆட்களைக் காலை பஸ்ஸுக்கு இக்கரை சேர்ப்பதுதான் எங்கள் வேலை.

முதல் வாரமே மானம் போனது. தை மாதம், ஐந்தரை மணி, தண்ணீர் மேல் பனிமூட்டம். படகில் ஏழு பேர் போர்வையும் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சித்தப்பா இழுக்கிறார், நான் இழுக்கிறேன், மறுபடி சித்தப்பா இழுக்கிறார். எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. "நடந்தே போயிருந்தால் இந்நேரம் நோர்வூட் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்றார் ஒரு பாட்டி. அன்று பஸ் போய்விட்டது. என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள்.

படகை விற்ற அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அதிகம் பேசவில்லை. "தம்பி, பிளக்கைக் கழற்றி, அதிலுள்ள ஈரத்தை விரலில் தேய்த்துப் பாருங்கள். பிறகு எடுங்கள்" என்று வைத்துவிட்டார்.

கழற்றினேன். தீப்பொறி போடும் பிளக் இரண்டும் நனைந்திருந்தன. ஈரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்தேன். பெற்றோல் என்றால் விரல் சில்லென்று குளிர்ந்து, சற்று நேரத்தில் காய்ந்து வெளுத்துவிடும். இது காயவில்லை. வழுவழுவென்று விரலிலேயே நின்றது. மோந்து பார்த்தேன்: லயத்துக் காம்பராவில் சின்ன வயதில் படிக்க வைத்த குப்பி விளக்கின் வாடை. பிளக்கில் இருந்தது பெற்றோல் அல்ல, மண்ணெண்ணெய்.

அப்போதுதான் உறைத்தது. இந்த எஞ்சினைப் பெற்றோலில்தான் கிளப்ப வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இது சித்தப்பாவுக்கும் தெரியும், ஒவ்வொரு காலையும் சின்னப் பெற்றோல் கேனைத்தான் திறந்தார். ஆனால் முதல் நாள் மாலை கரை சேர்ந்ததும் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அப்படியே நிறுத்தியிருந்தார். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் இரவு முழுவதும் தங்கியது மண்ணெண்ணெய். விடியற்காலையில் நாம் பெற்றோல் குழாயைத் திறந்தாலும், கிண்ணம் நிறைந்திருப்பதால் புதிதாக எதுவும் உள்ளே வராது. முதல் இருபது இழுப்பும் அந்தப் பழைய மண்ணெண்ணெயைத்தான் சிலிண்டருக்குள் அள்ளிப் போடுகிறது.

மண்ணெண்ணெய் தீப்பொறிக்குப் பற்றுமளவு ஆவி விடுவதற்கே 38 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்கு மேலோ சூடு வேண்டும். பெற்றோலோ உறைபனியிலும் ஆவி விடும். வெயில் காயும் கடற்கரையில் இந்தச் சோம்பேறித்தனம் சில நாள் மன்னிக்கப்படலாம். பல் கிட்டும் நம் காலைக் குளிரில் மன்னிப்பே கிடையாது.

ஆகவே இன்று மாலையே இதைச் செய்து பாருங்கள். கரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே பெற்றோலுக்கு மாற்றிவிடுங்கள். கரை வந்ததும் குழாயைக் கழற்றிவிட்டு, கிண்ணம் வற்றி எஞ்சின் தானாக அடங்கும்வரை விடுங்கள். மறுநாள் காலை எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் பந்தை அமுக்கினால் கிண்ணத்தில் ஏறுவது புதுப் பெற்றோலாக மட்டுமே இருக்கும். எங்களுக்கு அந்த ஒரு மாற்றத்தில் நாற்பது இழுப்பு நான்காகக் குறைந்தது. மாலையில் மறந்துவிட்டால் காலையில் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகாணியைத் தளர்த்தி, இருப்பதை ஒரு ஜாம் போத்தலில் பிடித்துவிடுங்கள். நீர்த்தேக்கத்தில் ஊற்றாதீர்கள், அந்தத் தண்ணீரில்தான் கீழே பலர் சோறு பொங்குகிறார்கள்.

பிடித்த போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அடியில் கண்ணாடி மணிகள் போல உருண்டு கிடப்பது தண்ணீர். கேனைப் பாதி காலியாக வைத்து இரவெல்லாம் பனியில் விட்டால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் இறங்கும். மலையில் இது கரையோரத்தைவிட அதிகம் என்பது என் அனுபவம். கேனை வீட்டுக்குள் வைப்பதும் நல்லதல்ல, அடுப்புப் புகையும் பெற்றோல் ஆவியும் ஒரே காம்பராவில் இருக்கக்கூடாது. கூரையுள்ள, காற்றோட்டமான இடம் போதும்.

நான்கு இழுப்பை மூன்றாக்கியது, காற்றை மறித்து எரிபொருளைக் கூட்டும் சோக்கின் விஷயம். காசல்ரீயும் மவுசாக்கலையும் ஏறக்குறைய ஆயிரத்து நூறு மீற்றர் உயரத்திலோ அதற்கு மேலோ இருக்கின்றன. இங்கே காற்று, கடற்கரைக் காற்றைவிடக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு மெல்லியது. எரிபொருளை விடும் ஜெட்டோ கடற்கரைக்கென்று துளைத்தது, அது மலையேறியதற்காகத் தன் கையைச் சுருக்கிக்கொள்வதில்லை. அதாவது எஞ்சின் ஏற்கனவே கொஞ்சம் அதிகமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது. பேசாலைப் பழக்கத்தில் சோக்கை இழுத்துவைத்துப் பத்துத் தடவை இழுத்தால் பிளக் முழுகிவிடும். நாங்கள் முழுச் சோக்கில் இரண்டு இழுப்பு, ஒரு தும்மல் கேட்டதும் பாதியாக்கி அடுத்த இழுப்பு என்று பழகிக்கொண்டோம். முழுகிவிட்டால் பதற வேண்டாம். எரிபொருள் குழாயைக் கழற்றி, சோக்கை முழுவதும் உள்ளே தள்ளி, கியர் நடுநிலையில் இருப்பதை உறுதிசெய்து, திராட்டிலைத் திறந்துவைத்து ஏழெட்டு முறை இழுங்கள். உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். கிளம்பினால் உறுமிக்கொண்டு கிளம்பும், உடனே திராட்டிலைக் குறைக்கக் கை தயாராக இருக்கட்டும்.

மலைக்கென்று சின்ன ஜெட் போடச் சொல்வோர் உண்டு. நாங்கள் போடவில்லை. அளவு தவறி எரிபொருள் குறைந்துபோனால் டூ ஸ்ட்ரோக்கில் அதில் கலந்த எண்ணெயும் சேர்ந்தே குறையும், பிஸ்டன் வெந்துவிடும். கொஞ்சம் புகை அதிகம் வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் என்றதும் சித்தப்பாவின் கண்ணளவு ஞாபகம் வருகிறது. எரிபொருள் ஐம்பதுக்கு எண்ணெய் ஒன்று என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், ஐந்து லீற்றர் கேனுக்கு 100. அவர் "எஞ்சினுக்கு நல்லது" என்று இருநூறுக்கு மேல் ஊற்றுவார், பிளக் கரிச்சட்டியாகிவிடும். மருந்துப் போத்தலின் அளவு மூடி ஒன்றைக் கேனில் கட்டித் தொங்கவிட்டேன். உங்கள் எஞ்சினின் கைநூலில் வேறு விகிதம் இருந்தால் அதன்படியே கலக்குங்கள்.

இதெல்லாம் செய்தும் கிளம்பவில்லை என்றால் பிளக்கிடமே திரும்பக் கேளுங்கள். இரண்டையும் கழற்றுங்கள், ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றது அப்படித்தான் இருக்கும் என்று விடாதீர்கள். காய்ந்திருந்தால் எரிபொருளே வரவில்லை. கேன் மூடியின் காற்றுத் திருகாணி மூடியிருந்தால் அமுக்கும் பந்து சப்பையாகி எழும்பாமல் கிடக்கும். எவ்வளவு அமுக்கியும் பந்து கல்லாகவில்லை என்றால் குழாயிலோ இணைப்பின் ரப்பர் வளையத்திலோ காற்று புகுகிறது. வெயிலில் வெடித்த பழைய குழாயை இன்சுலேஷன் டேப் சுற்றி ஏமாற்ற முடியாது, நான் ஏமாற்றிப் பார்த்தேன். பந்தின் அம்புக்குறி எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். அமுக்கும்போது அந்த முனை மேல்நோக்கி இருந்தால் சீக்கிரம் இறுகும்.

நனைந்திருந்தால் துடைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்து, இடைவெளியைப் பாருங்கள். என்ஜிகே நிறுவனப் பிளக்கின் எண் 10 என்று முடிந்தால் இடைவெளி 1.0 மில்லிமீற்றர். தீப்பொறி பார்க்க, பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, மரை உள்ள உடல்பகுதி எஞ்சினின் வெற்று உலோகத்தில் அழுந்தியிருக்கும்படி வைத்து இழுங்கள். தொடாமல் இழுத்தால் தீப்பொறிக்கான மின்னணுப் பெட்டிக்குக் கேடு. கேனைத் தூரத்தில் வைத்து, சிந்திய எரிபொருளைத் துடைத்த பிறகே இதைச் செய்யுங்கள். நீலமாகச் சடசடத்தால் காயில் நன்றாகவே இருக்கிறது. மஞ்சளாக மினுங்கினாலும் முதலில் புதுப் பிளக் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காயிலைக் குறைசொல்ல வேண்டும். அதற்கும் முன்னால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிறுத்தும் கயிற்றின் சிவப்பு கிளிப் அதன் இடத்தில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்று என் காலடியில் கிடந்தபோது அரை மணி நேரம் இழுத்த ஆள் நான்.

கயிற்றை இழுக்கும்போது கையில் எதிர்ப்பே தெரியாமல் லேசாக வந்தால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். பழைய எஞ்சின் குளிரில் கிளம்பாததற்கு அதுவும் ஒரு காரணம். அமுக்க மானி வைத்திருக்கும் கராஜில் இரண்டு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் செலவு காயிலோடு நிற்காது, அப்போது வேறு எஞ்சின் பார்ப்பது மலிவு.

எதைச் சரிசெய்தாலும் இரண்டு துடுப்பு இல்லாமல் கரையை விடாதீர்கள். ஆடி மாதக் காற்றில் எங்கள் எஞ்சின் நடுத் தண்ணீரில் அணைந்தது. நீர்த்தேக்கம் வான் பாய்ந்துகொண்டிருந்த நேரம், படகு அணைக்கட்டுப் பக்கமாகவே நகர்ந்தது. சித்தப்பா கயிற்றோடு மல்லுக்கட்ட, நானும் தோட்டத்து இளைஞர் ஒருவரும் துடுப்பைப் போட்டு ஒரு தேயிலைச் சரிவின் அடியில் ஒதுக்கினோம். அப்போது எல்லோர் மேலும் மிதவை அங்கி இருந்தது. இல்லாமல் போன நாட்களும் உண்டு, அதற்குப் பிறகு இல்லை.

இன்று மாலை பெற்றோலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, நாளைக் காலை எத்தனை இழுப்பு என்று எழுதுங்கள். பத்துக்கு மேல் போனால் இரண்டு பிளக்கையும் ஒரு வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், மேல் சிலிண்டர் பிளக் எது, கீழ்ப் பிளக் எது என்று குறித்து.