போர்ஷேவா, பிஎம்டபிள்யூவா? முதலில் சிசி கடன் கணக்கைப் பாருங்க

கேள்வி: திருப்பூர்ல 40 பேர் வேலை செய்யற பனியன் கம்பெனி வெச்சிருக்கேனுங்க. 2005-ல நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டினப்ப நான் பள்ளிக்கூடத்துல. அப்ப புடிச்ச ஆசை. கோயமுத்தூர்ல ரெண்டு வண்டி பார்த்திருக்கேன். 2008 போர்ஷே பாக்ஸ்டர், 2010 பிஎம்டபிள்யூ இசட்4 35ஐ. ரெண்டும் 19 லட்சம் பக்கம். கம்பெனிக்கு பேங்க்ல சிசி (கேஷ் கிரெடிட், சரக்கைக் காட்டி வாங்கற தொழில் கடன்) லிமிட் 40 லட்சம், அதுல 26 ஓடுது. இன்னொரு 12 எடுத்து, வீட்டு நகையை வெச்சு 5, கையிலிருந்து 2 போடலாம்னு இருக்கேன். மாசம் 40,000 வரைக்கும் கட்டிருவேன். 2022-ல பழைய ஸ்கோடா லாரா ஆர்எஸ் கார் எடுத்ததும் இப்படி சிசி-லதான், ஒண்ணும் ஆகலை. எதுங்க கட்டுபடியாகும்?

பதில்: "ஒண்ணும் ஆகலை" என்ற இடத்தில்தான் என் பேனா நின்றுவிட்டது தம்பி. உங்கள் கடிதத்தின் அடுத்த பக்கத்திலேயே கணக்கு இருக்கிறது. லாரா 6 லட்சம், ரிப்பேர் ஒன்றரை, ஆக ஏழரை லட்சம் சிசி-யிலிருந்து போனது. போன வருஷம் மூன்றரைக்கு விற்றீர்கள். அந்தப் பணம் சிசி-க்குத் திரும்பவில்லை; தங்கச்சி பெண்ணின் சீருக்குப் போய்விட்டது. மாமன் சீர் செய்யாமல் இருக்க முடியாது, அதற்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் கார் போய் ஒரு வருஷம் ஆகியும் காரின் கடன் இன்னும் கணக்கில் ஓடுகிறது. பத்தரை வட்டி என்று வைத்தால் ஏழரை லட்சத்துக்கு வருஷம் 79,000. மூன்று வருஷத்துக்கு 2.36 லட்சம். வட்டியை பேங்கே மாசாமாசம் பற்று எழுதிக்கொள்வதால் உங்களுக்கு வலிக்கவில்லை. சிசி-க்கு தவணை கிடையாது, அதனால் அசல் தானாகக் குறையவும் குறையாது.

மாசாமாசம் பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கிறீர்கள் அல்லவா? நூல் இவ்வளவு, துணி இவ்வளவு, வர வேண்டிய பாக்கி இவ்வளவு என்று. அந்தத் தாளில் லாரா எந்த வரியில் இருந்தது? சொந்தச் செலவுக்கு எடுத்த பணத்தின் வட்டியைக் கம்பெனிச் செலவாகக் காட்டவும் வருமான வரியில் இடமில்லை. ஆடிட்டரிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

இப்போது 26-உடன் 12 சேர்ந்தால் 38. மிச்சம் 2 லட்சம். சனிக்கிழமை சம்பளம் 40 பேருக்கு ஆளுக்கு 4,000 என்றாலும் 1.6 லட்சம். அதாவது ஒரு சனிக்கிழமை. 2021-22-ல் நூல் விலை ஏறியதையும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஊரே கையைப் பிசைந்ததையும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டிக்கு வருவோம். 2008 பாக்ஸ்டர் இன்ஜினுக்குள் ஐஎம்எஸ் என்ற தண்டு சுழல்வது ஒரு பேரிங்கில். அதற்கு முந்தைய வண்டிகளில் இது அதிகம் போய்ப் பேர் கெட்டது. 2006-லிருந்து வந்தது பெரிய பேரிங், அபூர்வமாகத்தான் போகும். ஆனால் இன்ஜினைப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது. போனால் இன்ஜினையே கூட்டிக்கொண்டு போகும். 2009-ல் வந்த புது இன்ஜினில் அந்தப் பேரிங்கே இல்லை. நீங்கள் பிடித்திருப்பது அதற்கு ஒரு வருஷம் முந்தைய வண்டி.

இசட்4-ல் ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், மின்சார வாட்டர் பம்ப் என்று கோளாறு வரிசையாக வரும். அடிக்கடி வரும், ஆனால் எல்லாம் இன்ஜினைப் பிரிக்காமல் கழற்றி மாட்டுகிற சாமான். உங்கள் நிலையில் இருப்பவருக்கு அதுவே மேல். பில் வரும், வண்டி இருக்கும். எதுவானாலும் ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரித்து வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுப்பாகத் துகள் தெரிந்தால் நடையைக் கட்டுங்கள். 15 வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும்; இறக்குமதிக் காருக்கு அந்தக் கட்டணமும் அதிகம்.

வருஷச் செலவு: சிசி வட்டி 1.26 லட்சம், நகை வட்டி அரை லட்சம், இன்சூரன்ஸ் அரை, பராமரிப்பு குறைந்தது 2. ஆக 4.26 லட்சம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டி வருஷம் 3,000 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 140 ரூபாய்க்கு மேல். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறி இறங்க ஒன்பதாயிரம், பெட்ரோல் போடுவதற்கு முன்னால்.

"விலை ஏறும், முதலீடு மாதிரி" என்று புரோக்கர் சொன்னாராம். விலை ஏறியது 1998-ஓடு நின்றுபோன ஏர்கூல்டு (இன்ஜினைக் காற்றால் குளிர்விக்கிற) போர்ஷே 911-க்கு. உங்களுக்குக் காட்டியது அது இல்லை. அவர் கூடவே விற்கிற 60,000 ரூபாய் வாரண்டி பேக்கேஜில், எதற்கெல்லாம் கிடையாது என்ற பக்கத்தை மட்டும் வாங்கிப் படியுங்கள்.

மாசம் 40,000 கட்ட முடியும் என்கிறீர்கள், நம்புகிறேன். அதை வரும் மாசத்திலிருந்து சிசி-யில் போடுங்கள். 19 மாசத்தில் லாராவின் அசல் தீரும். வீட்டுக்கென்று ஒரு சம்பளத்தை முடிவு செய்து சேவிங்ஸ் கணக்குக்கு மாற்றி, சீர், கார், கல்யாணம் எல்லாம் அதிலிருந்து மட்டும். லாரா தீர்ந்த பிறகு அதே 40,000-ஐ இரண்டு வருஷம் சேர்த்தால் 9.6 லட்சம் ரொக்கம். அதற்குள் ஒரு பழைய இசட்4 அந்த விலைக்கு இறங்கி வராவிட்டால் எனக்கு ஆச்சரியம். அதுவரை கை அரித்தால் கோயமுத்தூர் செட்டிபாளையத்து 'கரி' கார் ரேஸ் டிராக் பக்கத்தில்தான் இருக்கிறது.

நகையை எடுக்காதீர்கள். "வீட்ல ஒத்துக்கிட்டாங்க" என்று ஒரே வரியில் எழுதியிருப்பதை வீட்டுக்காரம்மாவும் ஒருமுறை படிக்கட்டும்.

கடைசி வரியில், பாக்ஸ்டருக்கு 50,000 அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டுப் பாருங்கள், தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள்; 12 லட்சத்துக்கு அது ஐந்து மாச வட்டிகூட இல்லை.