முழுதாக மிதித்தும் இழுக்கவில்லையா? திராட்டில் தகட்டைப் பாருங்கள்

உங்கள் கார் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) சீராக ஓடுகிறது, ஆனால் மேட்டில் முழுதாக மிதித்தாலும் இழுக்கவில்லை, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தும் பயனில்லை என்கிறீர்கள். தயவுசெய்து அதை மறுபடி கழற்றாதீர்கள், பாவம்.

எஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, ஒருவரை ஆக்சிலரேட்டரைக் கடைசிவரை மிதிக்கச் சொல்லுங்கள். கார்புரேட்டருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடு முழுதாகத் திறக்கிறதா? கேபிள் தளர்ந்திருந்தாலோ, பெடலுக்கு அடியில் மேட் தடித்திருந்தாலோ பாதிதான் திறக்கும். பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டர் என்றால், மிதித்த கணமே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும்.

அது சரி என்றால், அப்புறம் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர். எஞ்சினின் உறிஞ்சு விசையால் தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ், முழு மிதியில் கிட்டத்தட்ட வேலை செய்யாது. அப்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் எடைகள்தான் அந்த நேரத்தை, அதாவது டைமிங்கை, முன்தள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு அடியில் சுழலும் ரோட்டரை, அது சுழலும் திசையில் கையால் திருப்பி விடுங்கள். ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்காவிட்டால் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கும்.

ஒன்று சொல்லுங்கள்: தொடக்கத்திலிருந்தே சோர்வா, அல்லது சில நொடிகள் நன்றாக இழுத்துவிட்டு அடங்குகிறதா? இரண்டாவது என்றால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர், பம்ப், டேங்க் மூடியின் காற்றுத் துளை மூன்றையும் பாருங்கள்.