கல்லூரிப் பள்ளிவாசலில் சீனியர்கள் நடத்தும் குழுக்களால் மாணவர்களின் அக்லாக் (நற்குணம், நடத்தை) உண்மையிலேயே மாறுமா?

மாறும், பயான் (மார்க்கச் சொற்பொழிவு) ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டால். வேலூர் பக்கம் பொறியியல் படித்தபோது அப்படியொரு குழுவில் உட்கார்ந்தவன் நான்.

இந்தோனேசியாவில் இது ரொம்ப சகஜம். பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தின் சல்மான் பள்ளிவாசலில் 1970களிலேயே மாணவர் பயிற்சி தொடங்கி, மற்ற வளாகங்களுக்கும் பரவியது. ஒரு சீனியர், சில ஜூனியர்கள், வாராவாரம் சந்திப்பு. நம் பக்கம் ஆலிம்களுக்கு, அதாவது மார்க்க அறிஞர்களுக்கு, பஞ்சமில்லை. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா, உமராபாத்தில் 1924 முதல் தாருஸ்ஸலாம் மதரஸா. ஆனால் அட்டெண்டன்ஸில் ப்ராக்ஸி போடுகிற பையன் ஹஜ்ரத்திடம் (ஆலிமிடம்) போய் "இது மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்கமாட்டான். மூன்றாம் வருட அண்ணனிடம் கேட்டுவிடுவான்.

மக்ரிப் (அந்திநேரத் தொழுகை) தொழுதுவிட்டு வராண்டாவில் உட்காருவோம். ஒருநாள் குழுவை நடத்தும் அண்ணன் குர்ஆனின் ஹுஜுராத் சூராவை (அத்தியாயத்தை) எடுத்தார். ஓதுவதற்கு முன், "உங்க ஹாஸ்டல்ல பட்டப்பேர் இல்லாதவன் யாராவது இருக்கானா?" என்றார். ஒரே சிரிப்பு. ஆளாளுக்குப் பெயர்களை அடுக்கினார்கள். திக்கிப் பேசும் ஒருவனுக்கு வைத்த பெயரும் வந்து விழுந்தது. அவன் அங்கேயேதான் இருந்தான், குனிந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டு. அதன் பிறகுதான் 11ஆம் வசனத்தை ஓதினார்: பரிகசிக்காதீர்கள், பட்டப்பெயர் சொல்லி அழைக்காதீர்கள். விளக்கம் ஒன்றும் இல்லை, துஆ ஓதி எழுந்துவிட்டார். அந்தப் பெயரை அப்புறம் எங்கள் மாடியில் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. (மற்ற பட்டப்பெயர்கள் ஜோராகத் தொடர்ந்தன, அது வேறு கதை.)

இதைக் கெடுப்பது வேவு பார்க்கும் புத்திதான். ஃபஜ்ருக்கு (அதிகாலைத் தொழுகைக்கு) வந்தாயா என்று வாட்ஸ்அப்பில் தினமும் டிக் போடச் சொல்லும் குழுக்கள் உண்டு. அடுத்த வசனமே பிறர் குறையைத் துருவாதே என்கிறது! தூங்கிக்கொண்டே டிக் போடப் பழகுவதுதான் மிச்சம்.

வாணியம்பாடி, ஆம்பூர் பையன்களில் பலருக்கு வீட்டில் உருது. கீழக்கரை, காயல்பட்டினத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது ஓடாது. தமிழிலேயே பேசுங்கள்.

மாணவிகளை யாரும் யோசிப்பதே இல்லை. இங்கே பல பள்ளிவாசல்களில் பெண்களுக்கு இடமே கிடையாது. ஹாஸ்டல் தொழுகை அறையில் சீனியர் அக்காக்களே நடத்தட்டும். சாயங்காலம் வைத்தால் காலேஜ் பஸ்ஸில் ஊர் திரும்பும் பெண்கள் வரமுடியாது. மதிய இடைவேளையில், லுஹர் (நண்பகல் தொழுகை) முடிந்ததும் வையுங்கள்.