பழங்காலத்தில் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளும், இன்றைய வட ஈராக்கில் எழுந்த அசீரியர்களும் கார்கெமிஷ் நகருக்காக ஏன் அவ்வளவு போராடினார்கள்?

ஒரே வரியில் சொன்னால், ஆற்றுத்துறைக்காக. இன்றைய துருக்கி–சிரியா எல்லையில், யூப்ரடீஸ் நதியின் மேற்குக் கரையில் இருந்த கோட்டை நகரம் இது. மெசொப்பொத்தேமியாவிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் வணிகர்களும் படைகளும் ஆற்றைக் கடந்த முக்கியமான இடங்களில் ஒன்று.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் மன்னர் சுப்பிலுலியுமா முற்றுகையிட்டு, எட்டாம் நாள் நகரைப் பிடித்தார். கீழ் நகரை நன்றாகவே கொள்ளையடித்தார்கள். மேல்கோட்டைக் கோயில்களை மட்டும் தெய்வங்களுக்குப் பயந்து அவர் தொடவிடவில்லை என்று அவருடைய மகன் முர்சிலி எழுதிவைத்திருக்கிறார். மகன் எழுதியதுதானே, கொஞ்சம் மெருகேற்றியும் இருக்கலாம்! அப்புறம் சுப்பிலுலியுமா தன் இன்னொரு மகன் பியாசிலியை அங்கே அரசனாக்கினார். சிரியப் பகுதியை ஹிட்டைட்டுகள் மேற்பார்த்தது இங்கிருந்துதான். எனக்கு வியப்பு, கி.மு. 1200ஐ ஒட்டித் தலைநகர் ஹத்துசா விழுந்த பின்பும் அந்த வம்சம் இங்கே தொடர்ந்ததுதான்.

அசீரியர்கள் முதலில் கப்பத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கார்கெமிஷின் கடைசி அரசன் பிசிரி, முஷ்கி நாட்டு அரசன் மீத்தாவோடு சேர்ந்து சதி செய்ததாகச் சொல்லி, கி.மு. 717இல் அசீரிய மன்னர் இரண்டாம் சார்கோன் நகரைத் தன் மாகாணமாக்கினார். பிடிபட்ட வீரர்களைத் தன் படையிலேயே சேர்த்துக்கொண்டார்.