டிஸ்க்கில் இருந்தது அப்படியே வந்ததா? வாசகர் கேள்வி-பதில்

கே: பழைய டேட்டா சிடி, டிவிடிகளை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி வருகிறேன். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டர் அளவும் கோப்பு எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். இது போதாதா?

ப: போதாது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போகும் நிரல்கள் அங்கே பூஜ்யங்களை நிரப்பிவிட்டுப் போய்விடும். அளவில் ஒரு பைட்கூடக் குறையாது. படத்தைத் திறந்தால்தான் தெரியும்: மேல்பாதி சரியாக இருக்கும், கீழ்ப்பாதி ஒரே சாம்பல் நிறம்.

ஒப்பிட வேண்டியது ஹேஷை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை. முதலில் கோப்புகளைக் காப்பி எடுங்கள். பிறகு டிஸ்க்கை வெளியே எடுத்து மறுபடி போட்டு, டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 என்ற வகை ஹேஷைக் கணக்கிட்டு ஒரு பட்டியலாகச் சேமியுங்கள். அந்தப் பட்டியலைக் கொண்டு காப்பியைச் சோதியுங்கள். விண்டோஸில் பவர்ஷெல்லின் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையோ, 7-ஜிப் ரைட் கிளிக் மெனுவோ போதும். லினக்ஸில் எஸ்ஹெச்ஏ256சம் என்ற கட்டளையே பட்டியலையும் எழுதும், பிறகு அதைச் சரிபார்க்கவும் செய்யும். தற்செயலாக நேர்ந்த கோளாறைப் பிடிக்க எம்டி5 என்ற பழைய வகை ஹேஷும் போதும்; ஏற்கெனவே எம்டி5 பட்டியல் வைத்திருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

பட்டியலை டிஸ்க்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். காப்பியிலிருந்து ஹேஷ் எடுத்து அதே காப்பியோடு ஒப்பிட்டால் அது ஓணானுக்கு வேலி சாட்சி கதைதான்.

கே: டிஸ்க்கை ஏன் வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும்? என் காப்பி நிரலில் ‘வெரிஃபை’ வசதியே இருக்கிறதே?

ப: இப்போதுதான் படித்த கோப்பை இயங்குதளம் மெமரியில் வைத்திருக்கும். உடனே ஹேஷ் கேட்டால் அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். 4.7 ஜிபி டிவிடி முழுவதையும் 16 மடங்கு வேகத்தில் படித்தாலும் மூன்றரை நிமிடத்துக்குக் குறையாது. பத்து வினாடியில் ஹேஷ் வந்து நின்றால், டிரைவின் விளக்கு மினுக்கவே இல்லை என்றால், டிஸ்க்கை யாரும் தொடவில்லை. டிஸ்க்கை எடுத்துவிட்டுப் போட்டால் அந்த நினைவு கழிந்துவிடும். காப்பி வெளி ஹார்டு டிஸ்க்கில் இருந்தால் அதையும் முறைப்படி கழற்றி மாட்டிவிட்டுச் சோதிப்பது நல்லது.

பல நிரல்களில் உள்ள ‘வெரிஃபை’, டிஸ்க்கிலிருந்து ஒரு தடவை படித்தது ஹார்டு டிஸ்க்கில் சரியாக எழுதப்பட்டதா என்று மட்டுமே பார்க்கிறது. படித்ததே சரியா என்பது அதன் கேள்வி அல்ல.

பயப்படும் அளவுக்கு இது அடிக்கடி நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேட்டா சிடி செக்டர் எனும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒரு செக்டரில் 2352 பைட். அதில் உங்கள் டேட்டா 2048 மட்டுமே. மீதியில் 4 பைட் பிழை கண்டுபிடிக்க, 276 பைட் பிழை திருத்த. அதனால் டிரைவ் பெரும்பாலும் சரியானதைத் தரும், இல்லையென்றால் ‘முடியவில்லை’ என்று சொல்லிவிடும். தப்பானதைச் சத்தமில்லாமல் தருவது அரிது. ஆனால் டிரைவைத் தாண்டிய பிறகு பழுதான யுஎஸ்பி கேபிள், கெட்டுப்போன ரேம் என்று வழியில் கள்வர்கள் உண்டு. இரண்டாவது வாசிப்பு அவர்களுக்காகத்தான்.

கே: பாதி காப்பி ஆனதும் ‘சைக்ளிக் ரிடன்டன்சி செக்’ என்று படிப்புப் பிழை வந்து நின்றுவிடுகிறது. மீதியை எப்படி எடுப்பது?

ப: முதலில் திரும்பத் திரும்பக் காப்பி கொடுப்பதை நிறுத்துங்கள். கோப்பு கோப்பாக முயன்றால் அதே கெட்ட இடத்தில் டிரைவ் முட்டி முட்டி நேரம்தான் போகும்.

டிஸ்க்கைத் துடையுங்கள். பஞ்சு போன்ற மென்மையான துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. தடம் ஓடுவது வட்டமாக. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் கெடுக்கும், திருத்தக் குறியீடு அதைச் சமாளித்துவிடும். தடத்தோடு ஓடும் கீறல் அப்படியல்ல. சிடியின் முதல் அடுக்குத் திருத்தம் தடத்தில் தொடர்ச்சியாகச் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரைதான் தாங்கும்.

பிறகு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரலால் டிஸ்க் முழுவதையும் ஒரே இமேஜாக, அதாவது டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்த ஒரே கோப்பாக, எடுங்கள். செக்டர் அளவு 2048 என்று கொடுக்க மறக்காதீர்கள். மேப் கோப்பு ஒன்றும் கட்டாயம் வேண்டும். எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் நல்லதை மட்டும் அள்ளச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் இயங்குதளத்தின் மெமரியைத் தாண்டிப் படிக்கும் நேரடி வாசிப்பை இயக்கி, மறுமுயற்சி மூன்று கொடுங்கள்.

அதன் பிறகும் ஓட்டை இருந்தால் அதே டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டு, அதே இமேஜ், அதே மேப் கோப்போடு தொடருங்கள். விட்டுப்போன செக்டர்களை மட்டும் அது தேடும். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று சர்வசாதாரணமாகப் படித்துவிடும். லேசர், கவனம் குவியும் விதம் எல்லாம் டிரைவுக்கு டிரைவ் மாறும். மலிவான டிரைவாயிற்றே என்று ஒதுக்காமல் கைக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள். வாசிப்பு வேகத்தைக் குறைப்பதும் பல நேரம் உதவும்.

டிவிடியில் 16 செக்டர்கள் சேர்ந்து, பிழை திருத்தத்துக்கு ஒரே கட்டு. ஒன்று போனால் அந்த 32,768 பைட்டும் சேர்ந்தே போகும். மேப் கோப்பில் ஓட்டைகள் அந்த அளவின் மடங்குகளாக வந்தால் வியக்க வேண்டாம்.

மேப்பில் ஓட்டையே இல்லை என்றால் எல்லாச் செக்டரும் டிரைவின் சோதனையைத் தாண்டி வந்தவை. ஓட்டை மிஞ்சினால் எந்தக் கோப்பு அடிபட்டது என்று பார்க்க ஒரு வழி: இமேஜின் இன்னொரு பிரதியில், டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறையைக் கொண்டு கெட்ட இடங்களில் மட்டும் வேறெங்கும் வர வாய்ப்பில்லாத ஒரு சொல்லை எழுதுங்கள். பிறகு அந்த இமேஜைத் திறந்து கோப்புகளுக்குள் அந்தச் சொல்லைத் தேடுங்கள். எது அகப்படுகிறதோ அதுதான் சேதமான கோப்பு. மற்றவற்றை நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம்.

கே: ஒரே சிடியை இரண்டு டிரைவில் ஐஎஸ்ஓ இமேஜாக எடுத்தேன். ஒன்று 671,088,640 பைட், மற்றது 671,092,736. ஹேஷ் சேரவில்லை. எது தப்பு?

ப: வித்தியாசம் 4096, அதாவது சரியாக இரண்டு செக்டர். ‘ட்ராக் அட் ஒன்ஸ்’ (ஒவ்வொரு ட்ராக்காகத் தனித்தனியே எழுதுவது) முறையில் எழுதிய சிடியின் வாலில் டேட்டா இல்லாத இரண்டு செக்டர்கள் இருக்கும். ஒரு டிரைவ் அவற்றையும் கணக்கில் சேர்த்திருக்கிறது. சில டிரைவ்கள் அந்த இடத்தில் படிப்புப் பிழை காட்டும். டிஸ்க் போய்விட்டது என்று பதற வேண்டாம்.

உண்மையான நீளம் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கிறது. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில், பூஜ்யத்திலிருந்து எண்ணி 32,848-ஆவது பைட்டுக்குப் போங்கள். அங்கே மொத்த பிளாக் (2048 பைட் துண்டு) எண்ணிக்கை இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கும்: முதல் நான்கு பைட்டில் தலைகீழ் வரிசையில், அடுத்த நான்கில் நேர் வரிசையில். உங்கள் சிடியில் 00 00 05 00 00 05 00 00 என்று இருந்தால் 327,680 பிளாக். 2048-ஆல் பெருக்கினால் 671,088,640. பெரிய இமேஜை அந்த நீளத்துக்கு வெட்டிவிட்டு ஹேஷ் எடுங்கள். சேர்ந்துவிட்டால் இரண்டும் சரி. அப்படியும் சேராவிட்டால்தான் கோப்பு கோப்பாக ஒப்பிட வேண்டும்.

கே: லேபிள் பக்கம் கீறல். பாலிஷ் போட்டால் சரியாகுமா?

ப: சிடி என்றால் ஆகாது. பிரதிபலிக்கும் படலம் லேபிளுக்கு அடியிலேயே மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. கீறல் அதைப் பெயர்த்திருந்தால் டேட்டாவே பெயர்ந்துவிட்டது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித்துளை தெரியும். பாலிஷ் எல்லாம் அடிப்பக்கத்துக்கு மட்டும். டிவிடியில் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் லேபிள் கீறல் அவ்வளவு கொடியதல்ல.

கே: பாட்டு சிடியை இரண்டு டிரைவில் வேவ் ஒலிக்கோப்பாக எடுத்தால் ஹேஷ் ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ப: ஆடியோ சிடியில் 2352 பைட்டும் இசைக்கே. மேலே சொன்ன பிழை கண்டுபிடிக்கும் 4 பைட் இதில் கிடையாது. படிக்க முடியாத இடத்தை டிரைவ் அக்கம்பக்கத்து ஒலியை வைத்து ஒட்டுப் போட்டுவிடும், சொல்லவும் சொல்லாது. அதோடு ஒவ்வொரு மாடல் டிரைவும் சில சாம்பிள்கள் (ஒலியின் மிகச் சிறு துணுக்குகள்) தள்ளித்தான் படிக்கத் தொடங்கும்; ஒன்றுக்கு 6, இன்னொன்றுக்கு 667. ஒலி ஒன்றேதான், ஆனால் தள்ளி நிற்பதால் ஹேஷ் மாறுகிறது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற நிரலில் உங்கள் டிரைவின் ஆஃப்செட்டை (எத்தனை சாம்பிள் தள்ளிப் படிக்கிறது என்ற எண்ணை) பதிந்துவிட்டு, மற்றவர்கள் எடுத்த பாட்டு சிடிகளின் செக்சம்கள் (ஹேஷ் போன்ற சரிபார்ப்பு எண்கள்) சேர்ந்த அக்யூரேட்ரிப் தரவுத்தளத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் சிடியின் அதே பதிப்பை மற்றவர்களும் எடுத்திருந்தால், அவர்களுக்கு வந்த செக்சமே உங்களுக்கும் வர வேண்டும்.